நிற்கும் விமானம் விடும் புகை: தரைக்கருவிகளால் எவ்வளவு குறையும்?

கேள்வி இதுதான்: பே எனப்படும் நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானமும் ஓடுபாதையை நோக்கி உருளும் விமானமும் விடும் புகையை, ஜிபியு (தரையிலிருந்து விமானத்துக்கு மின்சாரம் தரும் கருவி), குளிர்காற்று யூனிட், மின்சார டிராக்டர் மாதிரியான தரைக்கருவிகளை வைத்து எந்த அளவுக்குக் குறைக்க முடியும்? இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் இங்கே வர வேண்டிய புகை அனல் மின்நிலையத்தில் வரப்போகிறது, அவ்வளவுதானே?

பேயில் நிற்கும் நேரத்துப் புகையில் பாதிக்கு மேல் குறைக்கலாம். நிலக்கரி மின்சாரத்தை வைத்தே இந்தக் கணக்கு தேறும், அதைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் இதெல்லாம் விமானத்துக்குள்ளேயே இருக்கும் துணை எஞ்சினான ஏபியு அணைந்தால்தான். பளபளப்பான புதுக் கருவிகள் பேயிலேயே நிற்க, பக்கத்தில் ஏபியுவும் இரைந்துகொண்டிருக்கும் காட்சி விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரானில் வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். அதனால் எத்தனை கருவி வாங்கினார்கள் என்பதைவிட, விமானம் நின்ற பிறகு ஏபியு எத்தனை நிமிடம் ஓடியது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். நம் மாதிரி வெயில் நாட்டில் அந்த நிமிடங்களைத் தீர்மானிப்பது மின்சாரம் அல்ல, குளிர்காற்று.

ஏபியு என்பது விமானத்தின் வால் நுனியில் உட்கார்ந்திருக்கும் சிறிய டர்பைன். பறப்பதற்கு அது உதவாது. முக்கிய எஞ்சின்கள் அணைந்திருக்கும்போது விமானத்துக்கு மின்சாரமும் அழுத்தக் காற்றும் தருவதுதான் அதன் வேலை. மின்சாரத்தில் காக்பிட் கருவிகள், கேபின் விளக்குகள், சமையலறை எல்லாம் ஓடும். அழுத்தக் காற்று, பேக் என்று சொல்லப்படும் ஏசி அமைப்புக்குப் போய் கேபினைக் குளிர்விக்கும். கிளம்பும்போது முக்கிய எஞ்சின்களைச் சுழற்றிவிடுவதும் அதே காற்றுதான். ஏ320, போயிங் 737 அளவுள்ள விமானத்தில் ஏபியு மணிக்கு 100 முதல் 120 கிலோ வரை எரிபொருள் குடிக்கும். பெரிய விமானங்களில் இது இரண்டு, மூன்று மடங்கு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஏ320 வந்து நின்று 45 நிமிடத்தில் திரும்பிப் போகிறது. நேரம் முழுக்க ஏபியு ஓடினால், மணிக்கு 110 கிலோ என்ற கணக்கில் 82 கிலோ எரிபொருள், கிட்டத்தட்ட 260 கிலோ கரியமில வாயு.

இப்போது கருவிகளை வைத்துப் பார்ப்போம். வந்ததும் ஐந்து நிமிடம், கிளம்பும் முன் எஞ்சின் ஸ்டார்ட்டுக்காக ஐந்து நிமிடம் ஏபியு ஓடித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு 18 கிலோ எரிபொருள், 58 கிலோ கரியமில வாயு. மீதி 35 நிமிடம் தரை மின்சாரம். விமானத்துக்கு நேரடியாக 40 கிலோவாட், குளிர்காற்று யூனிட்டுக்கு 90 கிலோவாட், இழப்பு பத்து என்று 140 கிலோவாட் போட்டால் 82 யூனிட் மின்சாரம் ஆகிறது. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு. ஆக 59 கிலோ. இரண்டையும் கூட்டினால் 117 கிலோ. 260 எங்கே, 117 எங்கே! சூரிய மின்சாரமாக இருந்தால் மின்சாரத்தின் பங்கு போய் 58 கிலோவிலேயே நிற்கும்.

இதே கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிள் மாட்டத் தாமதமாகி, வந்ததும் ஐந்துக்குப் பதில் 15 நிமிடம் ஏபியு ஓடியது என்றால் மொத்தம் 158 கிலோவுக்கு ஏறிவிடும். அதே கருவி, அதே மின்சாரம், பத்து நிமிடம்தான் வித்தியாசம். கிடைக்க வேண்டிய லாபத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

நிலக்கரி மின்சாரம்கூட ஏன் ஏபியுவை வெல்கிறது? ஏபியு எடை குறைவாகவும் எப்போது கேட்டாலும் உடனே கிளம்புவதாகவும் இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைக்கப்படுகிறது. சிக்கனம் அதற்குப் பிறகுதான். சிறிய டர்பைன், பாதிச் சுமையில் ஓடும்போது எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே தள்ளிவிடும். அதனால்தான் பழைய டீசல் ஜிபியுகூடக் கரியமில வாயுக் கணக்கில் ஏபியுவைவிட எவ்வளவோ மேல். 40 கிலோவாட் சுமைக்கு அது மணிக்கு 12 முதல் 15 லிட்டர் டீசல் குடிக்கும். கரியமில வாயு 40 கிலோவை ஒட்டி வரும். ஏபியு மின்சாரம் மட்டும் தந்துகொண்டிருந்தாலும் அதைப்போல் பல மடங்கு. ஆனால் டீசல் ஜிபியுவின் புகை, பக்கத்தில் நின்று லக்கேஜ் ஏற்றுபவர்களின் மூக்குக்கு நேராக வருகிறது. எனவே புதிதாக வாங்குவதென்றால் பேட்டரியில் ஓடும் ஜிபியு, அல்லது பயணிகள் ஏறும் பாலமான ஏரோபிரிட்ஜிலேயே பொருத்திய நிலையான மின் இணைப்பு, இந்த இரண்டில் ஒன்றுதான் என் பரிந்துரை.

விமானம் கேட்கும் மின்சாரம் நம் வீட்டுக்கு வருவது இல்லை. 115 வோல்ட், மூன்று ஃபேஸ், 400 ஹெர்ட்ஸ். ஃப்ரீக்வென்சி கூடினால் டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் சிறிதாக, எடை குறைவாகச் செய்யலாம் என்பதால் விமானங்கள் 400 ஹெர்ட்ஸுக்குப் போயின. அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை 400 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று ஒவ்வொரு பேயிலும் தேவை. ஏ320 அளவுக்கு 90 கேவிஏ திறனுள்ள கன்வெர்ட்டர் ஒன்று போதும். எஞ்சினையே மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்யும் போயிங் 787-க்கு ஒரு கேபிள் பத்தாது. ஏ380-இல் நான்கு இணைப்புகள் இருக்கின்றன.

எல்லோரும் கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசுவார்கள். கோளாறு பெரும்பாலும் கேபிளின் முனையில் இருக்கும் பிளக்கில்தான் வரும். அதில் ஆறு துளைகள்: மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நான்கு பெரியவை, இன்னும் இரண்டு சிறியவை. விமானத்தின் பக்கம் இருக்கும் இரண்டு சிறிய பின்கள் நீளத்தில் குட்டை. பிளக் முழுசாக உள்ளே போனால்தான் அவை தொடும், அப்போதுதான் மின்சாரம் பாயும். யாராவது பிளக்கை இழுத்தால் முதலில் விடுபடுவதும் அவைதான். பெரிய பின்கள் விலகும் முன்பே மின்சாரம் நின்று, தீப்பொறி பறக்காமல் தடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றி, கான்கிரீட் தரையில் போட்டு இழுத்த பிளக்கில் துளைகள் தளர்ந்துபோகும். கேபிளின் கனத்தில் பிளக் லேசாகத் தொங்கினால்கூட அந்தச் சிறிய பின்களின் தொடர்பு விட்டு, மின்சாரம் பட்டென்று போய்விடும்.

காக்பிட்டில் அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஏ320-இல் தலைக்கு மேலே எக்ஸ்டர்னல் பவர் பட்டன் இருக்கிறது. கேபிள் மாட்டியதும் அதில் 'அவெய்ல்' என்று பச்சை விளக்கு எரியும். அழுத்தினால் நீலத்தில் 'ஆன்' வரும். பிறகு ஏபியுவை அணைக்கலாம். அணைத்த இரண்டாவது நிமிடம் திரைகள் எல்லாம் இருண்டு, கேபின் விளக்கும் போனால், அந்த கேப்டன் அடுத்த முறை அதே நிலையத்துக்கு வரும்போது ஏபியுவை அணைக்கத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கம்ப்யூட்டர்கள் பாதியில் நின்றால் விமானம் தாமதமாகும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே பிளக் முனையைத் தேய்மானப் பொருளாகக் கருதி, கணக்கு வைத்து மாற்ற வேண்டும். கன்வெர்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் பிளக் முனைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

இனி குளிர்காற்று. இதில்தான் வெயில் நாடுகள் கோட்டை விடுகின்றன.

மின்சாரம் மட்டும் தந்துவிட்டால் விமானத்தின் ஏசி ஓடாது. ஏ320, 737 போன்றவற்றில் பேக்குக்குத் தேவை அழுத்தக் காற்று, அது ஏபியுவிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே ஜிபியுவை மாட்டிய பிறகும் கேபினைக் குளிர்விக்க ஏபியுவை ஓடவிடுகிறார்கள். ஐரோப்பாவில் இளவேனில் நாள் ஒன்றில் ஜிபியு மட்டுமே போதும். மே மாதம் டெல்லியில் 44 டிகிரியில், அல்லது கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில், 180 பேர் உட்காரும் கேபின் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அங்கே ஜிபியு மட்டும் கொடுத்துவிட்டு ஏபியுவை அணையுங்கள் என்று சொல்வது நடக்காத காரியம்.

இதற்குத்தான் பிசிஏ என்கிற குளிர்காற்று யூனிட். ஏரோபிரிட்ஜின் அடியில் தொங்கும். தொலைவான பேயில் என்றால் ஏசி வண்டியாக வரும். வெளிக்காற்றை இழுத்து, பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே வரைகூடக் குளிரவைத்து, தடித்த மஞ்சள் குழாய் வழியாக விமானத்தின் வயிற்றில் இருக்கும் எட்டு அங்குல இணைப்பில் செலுத்தும். அது மாட்டியிருக்கும்போது பேக்கை ஓட்டக் கூடாது என்பதால் விமானிகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபின் குளிர்ந்தால் பிசிஏ, குளிராவிட்டால் ஏபியு. இடைப்பட்ட வழி இல்லை.

கருவியின் திறன் காகிதத்தில் சரியாகவே இருக்கும். குளிர் தொலைவது குழாயில். தேவைக்கு மேல் நீளமான குழாயை மடித்து வெந்த தரையில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பும் காற்றின் வேகத்தைக் குறைக்கும், தரையின் சூடு குழாய்க்குள் ஏறும். யூனிட்டின் திரையில் 3 டிகிரி என்று காட்டும். விமானத்துக்குள் நுழையும்போது அது பத்தைத் தாண்டியிருக்கலாம். குழாயின் வெளிப்போர்வை கிழிந்து, இணைப்பின் வளையம் சரியாக உட்காராமல் ஓரமாகக் காற்று பீறிட்டால் சொல்லவே வேண்டாம். கை வைத்துப் பார்த்தாலே தெரியும் விஷயம் இது, ஆனால் கை வைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. வெப்பநிலையை விமானத்தின் பக்கத்து முனையில் அளந்து பதிவு செய்யும் நிலையங்களில்தான் இது உருப்படியாக ஓடும்.

கேபினின் பக்கமிருந்தும் உதவி வேண்டும். பயணிகள் இறங்கியதும் வெயில் படும் பக்கத்து ஜன்னல் ஷேடுகளை இறக்கிவிட்டால் உள்ளே ஏறும் சூடு கணிசமாகக் குறையும். கேட்டரிங் கதவையும் பின்கதவையும் வேலை முடிந்ததும் சாத்த வேண்டும். கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுப்பதற்கே குளிர்விக்கும் திறனில் பெரும்பகுதி செலவாகிவிடும்.

கரியமில வாயுவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் ஏப்ரானில் நிற்கும் ஆட்களை மறந்துவிடுவோம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் அளந்து பார்த்தபோது, ஏப்ரானில் மிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை அந்த நகரத்தின் நெரிசலான சாலையில் இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. எஞ்சின், ஏபியு, டீசல் வண்டி மூன்றும் சேர்ந்து விடும் துகள்கள் அவை. தொழிலாளர்களின் சங்கம் விடாமல் கேட்டதால்தான் அந்த அளவீடும் அதன் பிறகான கட்டுப்பாடுகளும் வந்தன. முக்கிய எஞ்சின்கள் விடும் புகைக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் சான்றளிப்பு வரம்புகள் உண்டு, ஏபியுவுக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. அதனால் அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு முழுக்க அந்தந்த நாட்டின், அந்தந்த நிலையத்தின் தலையில் விழுகிறது.

இதைச் சரியாகச் செய்த இடம் எது என்று கேட்டால் சூரிக்கைச் சொல்வேன். விமானம் விடும் மாசைப் பொறுத்துத் தரையிறங்கும் கட்டணத்தை மாற்றும் முறையை 1997-லேயே கொண்டுவந்த நிலையம் அது. பேயில் 400 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் குளிர்காற்றையும் நிலையாகப் பொருத்தி, அவை இருக்கும் பேயில் ஏபியுவை ஓட்டக் கூடாது என்று விதியும் போட்டார்கள். கிளம்பும் முன் சில நிமிடங்களுக்கு மட்டும் விலக்கு. கருவியை வைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லிக் கெஞ்சுவதும், விதியைப் போட்டுவிட்டுக் கருவி தராமல் இருப்பதும் வேறு ஊர்களில் நடப்பது. சூரிக்கில் இரண்டும் ஒன்றாக வந்தன.

பணமும் இதில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் ஒரு தடவைக்கு 60 கிலோவுக்கு மேல், அதாவது 80 லிட்டர் எரிபொருள் மிச்சம். இந்தியாவில் சமீப ஆண்டுகளில் விமான எரிபொருள் லிட்டருக்கு நூறு ரூபாயை ஒட்டியே இருந்திருக்கிறது. 82 யூனிட் மின்சாரம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் விமான நிறுவனம் பார்ப்பது நிலையம் போடும் பில்லை. முப்பத்தைந்து நிமிடத்துக்கு மாட்டினாலும் ஒரு மணி நேரக் கட்டணம், குளிர்காற்றுக்குத் தனி, மின்சாரத்துக்குத் தனி என்று போட்டால், அவசரத்தில் இருக்கும் ஸ்டேஷன் மேனேஜர் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஏரோபிரிட்ஜ் கட்டணத்திலேயே இரண்டையும் சேர்த்துவிடுவதுதான் நல்லது. ஏற்கெனவே கொடுத்த காசு என்றால் பயன்படுத்தாமல் விட யாருக்கும் மனம் வராது.

சிறிய ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும், கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும் பறக்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் ஏபியுவே கிடையாது. அதற்குப் பதில் வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். மின்சாரமும் காற்றும் அதிலிருந்து வரும். பயணிகள் நடந்து ஏறும் இடத்தில் ஒரு முழு எஞ்சின் எரிந்துகொண்டிருக்கிறது. ஏடிஆருக்கு வேண்டியது 28 வோல்ட் நேர் மின்சாரம். சிறிய பேட்டரி ஜிபியு ஒன்றும் ஒரு ஏசி வண்டியும் இருந்தால் அந்த எஞ்சினை அணைத்துவிடலாம். நாளுக்குச் சில விமானங்கள் வரும் நிலையத்தில் பெரிய கட்டுமானம் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை இது.

அப்புறம் டாக்ஸியிங், அதாவது விமானம் தரையில் உருண்டு போவது. ஏ320-இன் இரண்டு எஞ்சினும் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடினால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எரிபொருள். பெரிய நிலையங்களில் 15, 20 நிமிடம் உருள வேண்டியிருக்கும். விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும் சாதாரண புஷ்பேக் டிராக்டரால் அவ்வளவு தூரம் இழுத்துப்போக முடியாது, அந்த இழுப்பை முன்சக்கரக் கால் தினம் தினம் தாங்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்க இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் உருவாக்கியதுதான் டாக்ஸிபாட். முன்சக்கரத்தைத் தூக்கித் தன்மேல் வைத்துக்கொள்ளும். காக்பிட்டில் விமானி முன்சக்கரத்தைத் திருப்பும் வழக்கமான டில்லரைத் திருப்பினால் வண்டி திரும்பும், விமானத்தின் பிரேக்கை மிதித்தால் நிற்கும். முன்காலில் விழும் விசையை அதுவே அளந்து கட்டுப்படுத்தும். 2019 அக்டோபரில் டெல்லியிலிருந்து மும்பை போன ஏர் இந்தியாவின் ஏ320, பயணிகளோடு இப்படி இழுத்துச் செல்லப்பட்டது. அந்த ரக விமானத்தில் உலகிலேயே அதுதான் முதல் முறை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலிலும் சோதித்தார்கள்.

இதன் லாபத்தையும் நேர்மையாகக் கணக்குப் போட வேண்டும். 15 நிமிட டாக்ஸியில் 165 கிலோ எரியும். டாக்ஸிபாட் இழுக்கும்போது ஏபியு ஓடியே ஆக வேண்டும். அது 28 கிலோ. ஓடுபாதைக்குப் பக்கத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடேற்ற நான்கைந்து நிமிடம், 50 கிலோ. ஆக வண்டியின் டீசலைக் கழிக்கும் முன் மிச்சம் 80, 90 கிலோ. டாக்ஸி நேரமே ஐந்தாறு நிமிடம்தான் என்றால் மிச்சம் எதுவும் இல்லை. எனவே டெல்லி மாதிரி பரந்த நிலையத்துக்கு இது பொருந்தும். மதுரைக்கும் திருச்சிக்கும் வேண்டாம். அங்கே ஒற்றை எஞ்சினில் உருளும் பழக்கமே, எந்தக் கருவியும் இல்லாமல், போதுமான பலன் தரும். டெல்லியிலேயே 2023 ஜூலையில் திறந்த கிழக்கு இணைப்பு டாக்ஸிவே, சில விமானங்கள் உருளும் தூரத்தில் ஏழு கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டது. அந்த மாதிரி ஒரு பாதைக்கு ஈடான வண்டி எதுவும் இல்லை.

மின்சார லக்கேஜ் டிராக்டர், பெல்ட் லோடர், பஸ் எல்லாம் கட்டாயம் வர வேண்டியவை. குறைந்த வேகம், சிறு தூரம், அடிக்கடி நிறுத்தம் என்பதால் பேட்டரிக்குப் பிறந்த வேலை அது. ஆனால் மொத்தக் கரியமில வாயுவில் அவற்றின் பங்கு ஏபியுவையும் டாக்ஸியையும்விடச் சிறியது. ஏப்ரானில் மூச்சு விடுபவர்களுக்கான லாபம்தான் பெரிது.

ஒரு நிலையம் எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் மின்சாரத் தடத்தைப் பார்க்கச் சொல்வேன். முப்பது பேயில் தலா 140 கிலோவாட் என்றால் நான்கு மெகாவாட்டுக்கு மேல். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, இருந்தாலும் துணைமின் நிலையமும் கேபிளும் அதைத் தாங்க வேண்டும். பிசிஏ அதிகம் ஓடுவது உச்சி வெயிலில், சூரிய மின்சாரமும் அப்போதுதான் அதிகம் கிடைக்கும். 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரியப் பண்ணையோடு தொடங்கி முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிய கொச்சி நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

அதற்கடுத்து அளவீடு. கன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு மின்சாரம் தரத் தொடங்கியது என்று பதிவு செய்கிறது. விமானம் பேயில் நின்ற நேரம் நிலையத்தின் கணினியில் இருக்கிறது. ஏபியு அணைந்த நேரம் விமானத்தின் பதிவுகளில், விமான நிறுவனத்திடம் இருக்கிறது. மூன்றையும் மாதம் ஒருமுறை ஒரே தாளில் போட்டு, பே வாரியாகப் பார்க்க வேண்டும். எந்தப் பேயில் மின்சாரம் சீக்கிரம் வந்தும் ஏபியு ஓடிக்கொண்டே இருக்கிறதோ, அங்கே போய்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பேயில் மின்சாரமே தாமதமாக வருகிறதோ, அங்கே ஆள் பற்றாக்குறையா, பிளக் கோளாறா என்று விசாரியுங்கள்.